மூன்றாம் நாள் தண்ணீர்

பெம்பானில் எங்கள் தாமான் குடியிருப்பில் வீடுகள் எல்லாம் ஒட்டிப் பிறந்தவை. வீட்டுக்கு வீடு நடுவில் ஒரே சுவர்தான். அடுத்த வீட்டில் மிளகாய் வறுத்தால் இங்கே தும்மல் வரும். என் தங்கை தேவிஸ்ரீ வீட்டுக்கும் காந்தன் வீட்டுக்கும் அப்படி ஒரு சுவர். நானும் தங்கை வீட்டில்தான் இருக்கிறேன். சுங்கை ஊடாங் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ் ஓட்டுகிறேன். முன்கோபக்காரன் என்று பெயர் வாங்கியவன். பெயர் சும்மா வரவில்லை.

தேவிஸ்ரீயும் மாப்பிள்ளை கணேஸ்வரனும் மலாக்காவில் ஏறி இறங்காத கோயில் இல்லை. அப்படிப் பிறந்தவள் கவிஷா. ஊசி விஷயத்தில் தேவிஸ்ரீ ஒருமுறைகூடத் தவறியதில்லை. கிளினிக்கில் ஊசி போடும் மிசி சொன்ன தேதியில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருப்பாள். தட்டம்மை ஊசி மட்டும் பாக்கி. அதை ஒன்பதாம் மாதத்தில்தான் போடுவார்கள், பிள்ளைக்கு இன்னும் ஒன்பது முடியவில்லை. அதுவரை சுற்றியிருக்கிற பிள்ளைகள் ஊசி போட்டிருந்தால் அதுவே இவளுக்குக் காவல் என்று மிசி சொல்லியிருந்தாள்.

சுற்றியிருந்த பிள்ளை காந்தனின் மகன் தர்ஷன். தடிகா பாலர் பள்ளிக்குப் போகிற வயது, துறுதுறுவென்று இருப்பான். அவனுக்கு ஒரு ஊசியும் போட்டதில்லை. காந்தன் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலே. ஆபீஸ் வேலை, நல்ல படிப்பு, தெருவில் யாருக்கு என்றாலும் கார் எடுப்பான். ஆனால் கைப்பேசியில் யாரோ ஒருவன் ஊசி விஷம் என்று பேசிவிட்டால் அது அவனுக்கு வேதவாக்கு. இத்தனைக்கும் அவனும் அவன் மனைவியும் எஸ்டேட் பள்ளியில் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டு வளர்ந்தவர்கள். ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பது என்றால் இதுதான்.

தர்ஷனுக்கு உடம்பெல்லாம் சிவந்தபோது காந்தன் வீட்டில் அம்மா வந்திருக்கிறாள் என்றார்கள். கேட்டில் வேப்பிலை கட்டினார்கள். அம்மா வந்த வீட்டுக்கு டாக்டர் எதற்கு என்று எங்கும் காட்டவில்லை. தெருவில் ஒருவரும் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. அந்த வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன், நல்ல வழக்கம்தான். வினை வந்தது அதற்குப் பிறகு. மூன்றாம் நாளே பையன் எழுந்து ஓடினான் என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். தண்ணீர் ஊற்றிவிட்டால் அம்மா இறங்கிவிட்டாள், வீடு சுத்தம். இது எங்கள் கணக்கு. நோயின் கணக்கு வேறு. தடிப்பு தெரிந்த பிறகும் சில நாள் மூச்சு வழியாகவே பரவும் என்று பின்னால் டாக்டர் சொன்னார்.

காந்தன் மனைவி நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அந்த வயிற்றோடு ஒரு கையில் கூழ், ஒரு கையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பு, பின்னால் மகன் என்று வீடு வீடாக வந்தாள். அம்மாவின் தண்ணீரை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? தேவிஸ்ரீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றாள். வேப்பிலையால் தெளித்தார்கள். தர்ஷன் எம்பி கவிஷாவின் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தான். அவள் சிரித்தாள். நான் அப்போது பஸ்ஸில் இருந்தேன். தேவிஸ்ரீ இதைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிறகு கவிஷாவுக்குக் காய்ச்சல் வந்தது, கண் சிவந்தது, இருமல் நிற்கவில்லை. தேவிஸ்ரீ வேப்பிலையைத் தேடவில்லை. மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினாள். அங்கே தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். தட்டம்மை நுரையீரலுக்கு இறங்கிவிட்டது என்றார்கள். குழாய் வைத்த மூக்கோடு அந்தப் பிள்ளை மூச்சுக்குப் போராடியதை நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஊசிக்குச் சொல்லியிருந்த தேதி வருவதற்குள் அவளைப் புதைத்துவிட்டோம். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

காந்தன் சாவுக்கு வந்து எல்லோரையும்விட அதிகமாக வேலை பார்த்தான். குழிக்கு ஆள் பிடித்ததும் அவன்தான். அவன் கழுத்தைப் பிடிக்க நினைத்தேன். தேவிஸ்ரீ என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு சாயங்காலம் அவள் என்னிடம் வந்தாள். "அண்ணே, அவங்க என்கிட்ட மன்னிப்பு கேக்க வேணாம். பொறக்கப்போற பிள்ளைக்காச்சும் ஊசி போடுறேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. அது போதும்லா எனக்கு."

நான் போனேன். வாழ்க்கையில் முதல்முறையாகக் கோபத்தைச் செருப்போடு வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போனேன். காந்தன் தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்தான். நான் தங்கை சொன்னதைச் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவன் கண் கலங்கிவிட்டது. உள்ளே அவன் மனைவி வயிற்றைப் பிடித்தபடி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தவள், புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தர்ஷன் தரையில் கார் ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தான்.

"கவிஷாவ நான் தூக்கி வளத்தவன்ணே," என்றான் காந்தன். "அவளுக்கு அவ்வளவு ஊசி போட்டாங்க, எதுவும் காப்பாத்தல. எம்மகனுக்கு ஒண்ணுமே போடல, எந்திரிச்சி ஓடுறான். நீங்களே யோசிச்சிப் பாருங்க."

போடாத ஊசி எப்படிக் காப்பாற்றும் என்று கேட்டேன். அவன் மரியாதையாகத் தலையாட்டி, பார்க்கலாம் என்றான். அவன் பார்க்கமாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஊமை கண்ட கனவு போல, டாக்டர் சொன்னதெல்லாம் எனக்குள் இருக்கிறது, அவனுக்குள் இறக்கத்தான் எனக்கு வழி தெரியவில்லை.

அவன் வீட்டுக் கேட்டை நான் தாண்டுவதற்குள் என் கைப்பேசி சத்தம் போட்டது. காந்தன்தான் அனுப்பியிருந்தான். ஊசியால் பிள்ளைகள் சாகின்றன என்று ஒருவன் பேசுகிற வீடியோ.

தேவிஸ்ரீ எங்கள் கேட்டில் காத்திருந்தாள். என்ன சொன்னார் என்று கேட்டாள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. கைப்பேசியை அப்படியே நீட்டினேன். அவள் வீடியோவைக் கடைசிவரை நின்று பார்த்தாள்.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த நடுச்சுவரைப் பார்த்துக் கேட்டாள். "ஒரு பிள்ளை போனது பத்தலையாண்ணே அவங்களுக்கு?"