வாங்கில் இருந்த கோல்கீப்பர்

தனுஷியா சேர்ந்திருந்த இங்கிலாந்துக் கால்பந்துக் கழகம் அந்தப் பருவத்தில் பெண்கள் லீக்கையும் வென்றது, கோப்பையையும் வென்றது. சுவிஸில் அவளுடைய ஊரான துன் நகரத்துத் தமிழர் வீடுகளில் அதே பேச்சுத்தான். ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் சமைக்கும் அவளுடைய அப்பா மதிவதனன், மகள் கோப்பையோடு நிற்கும் படத்தைப் பஸ்ஸில் கண்டவர்களுக்கெல்லாம் காட்டினார்.

தனுஷியாவுக்கோ அந்தப் படத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. அவள் இரண்டாவது கோல்கீப்பர். முதலாவது கோல்கீப்பருக்கு வருஷம் முழுக்க ஒரு தடிமன் காய்ச்சல்கூட வரவில்லை. மழையிலும் குளிரிலும் தனுஷியா மைதான ஓரத்தில் மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கிலேயே குந்தியிருந்தாள். இறுதியாட்டத்தில் நல்ல முன்னிலை கிடைத்தால் கடைசியில் இறக்குவதாகப் பயிற்சியாளர் வாக்குக் கொடுத்திருந்தார். நாலு கோல் முன்னிலை. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு கோட்டோரம் ஓடி உடம்பைச் சூடாக்கினாள். அவரோ கடைசி மாற்றாக, ஓய்வுபெறப் போகும் ஒரு முன்கள வீராங்கனையை அனுப்பினார். "உனக்கு வயசிருக்கு" என்று பிறகு முதுகில் தட்டினார்.

வீட்டுக்கு வந்தால் பாராட்டு விழா. "வேண்டாம் அப்பா" என்று மன்றாடிப் பார்த்தாள். மண்டபம் எடுத்தாயிற்று, சிற்றுண்டிக்கு ரோல்ஸும் சொல்லியாயிற்று.

மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். தமிழ்ப் பள்ளி ஆசிரியை தில்லைநாயகி ஒலிவாங்கியில், "எங்கட பிள்ளை மறிச்ச பந்துகளாலதான் அந்தக் கோப்பை வந்தது" என்றதும் மண்டபம் அதிரக் கைதட்டியது. தனுஷியா ஒலிவாங்கியை வாங்கினாள்.

"நான் ஒரு மட்ச்கூட விளையாடேல்லை. வாங்கில இருந்தனான். அவ்வளவுதான்."

தன்னடக்கம் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். அவள் திரும்பவும் சொன்னாள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

காரில் ஏறியதும் அப்பா வெடித்தார். "சனத்துக்கு முன்னால ஏன் பிள்ளை என்னை வெட்கப்பட வச்சனீ?"

"பொய்க்குக் கைதட்ட நான் நிண்டு சிரிக்கிறதோ? நான் விளையாடேல்லை எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும். ஒவ்வொரு மட்சும் ஹோட்டல் குசினிக்குள்ள போனை நிமிர்த்தி வச்சுப் பாத்தனான். இப்ப இறக்குவாங்கள், இப்ப இறக்குவாங்கள் எண்டு…" அவர் பெல்ட்டை இழுத்து மாட்டினார். "எனக்கும் அலுத்துப்போச்சு."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. ஆத்திரம் அடங்கவில்லை, ஆனால் அப்பா மேல் இருந்தது மட்டும் போய்விட்டது.

மறுநாள் இங்கிலாந்துக் கழகத்துக்குப் போன் எடுத்து, அடுத்த வருஷம் வரமாட்டேன் என்றாள். மதிவதனன் தலையில் கை வைத்தார். "வெல்லுற ரீமை ஆரும் விடுவினமோ?" அவள் கேட்கவில்லை. பக்கத்து ஊரில் ஒரு சின்னக் கழகத்தில் சேர்ந்தாள்.

ஓகஸ்டில் முதல் ஆட்டம். மூன்று கோல் வாங்கினாள். இரண்டாவது அவளுடைய கால்களுக்கிடையால் போனது. சேறும் வியர்வையுமாக, தடுப்பாட்டக்காரிகளைச் சுவிஸ் ஜெர்மனிலும் தமிழிலும் ஏசிக்கொண்டே வெளியே வந்தாள். வேலிக்கு அப்பால் அப்பா நின்றார்.

"அந்த ரெண்டாவதை மறிச்சிருக்கலாம்."

"ஓம், தெரியும்!" என்று கத்தினாள்.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணுக்குள் அந்தப் பந்தே நின்றது. அடுத்த பயிற்சிக்கு எல்லோருக்கும் முன்பாகப் போய், பூட்டியிருந்த மைதானக் கதவை ஆட்டிக்கொண்டு நின்றாள்.