கற்பூரத்தின் மேல் விழுந்த பழி

டேஷ்போர்டில் ஒரு விளக்கு அணையாமல் எரிகிறதே என்றுதான் மாறன் பிக்கப்பைப் பட்டறைக்குக் கொண்டுபோனான். வேறு எதையும் தெரிந்துகொள்ள அவன் போகவில்லை.

போளூர் ரோட்டில் மகாவீர் வைத்திருக்கும் பட்டறை அது. வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் போனவன் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது அவன் உள்ளங்கையில் கருகிப்போன கொடி ஒரு பிடி இருந்தது.

"இன்னாணா, கொள்ளு மேல வண்டிய ஏத்துனியா?"

ஏற்றாமல் எப்படி இருப்பான், சொல்லுங்கள். தை பிறந்தால் நம்ம பக்கம் ரோடெல்லாம் களம்தானே. அறுத்த கொள்ளுச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வார்கள். போகிற வருகிற வண்டி ஏறி ஏறிக் காயை உடைத்துக் கொடுக்கும். மாறனும் கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும்போதெல்லாம் ஒதுங்காமல் மேலேயே ஓட்டுவான். நாலு பேருக்கு உபகாரம் என்று நினைத்துத்தான் ஓட்டுவான். அந்தக் கொடி அடியில் சுருண்டு, புகைக்குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கூடவே வந்திருக்கிறது.

மகாவீர் கையைத் துடைத்துக்கொண்டே விளக்கினான். சாதாரணமாக ஓடும்போது புகையின் சூடு முந்நூறு டிகிரி பக்கத்தில் இருக்கும். காற்றும் அடிப்பதால் பெரிய பயமில்லை. ஆனால் இந்தக் காலத்து டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்துவிட்டால் வண்டி தானே அந்தக் கரியை எரித்துக்கொள்ளும். அப்போது சூடு அறுநூறைத் தொடும். விளக்கு எரிவது அதற்குத்தான். அணைகிற வரைக்கும் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால்கூடக் காய்ந்த புல், கீற்று மேல் நிறுத்தவே கூடாது.

"இது நல்லா கருகியிருக்குது. எங்கனா நெருப்பு கிருப்பு ஆச்சா?"

இல்லை என்று மாறன் சொன்னான். ஆனால் ஆகியிருந்தது.

தைப் பௌர்ணமியன்று சாயங்காலம் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதைக் கடைகளுக்கு அவன் கரும்பு ஏற்றி வந்தான். அன்றைக்கும் அந்த விளக்கு எரிந்தது. முன்னால் ஜனம், பின்னால் ஜனம், எங்கே ஓட்டிக்கொண்டிருப்பது? ஜோதியம்மாள் கடைக்குப் பின்னால் காய்ந்த புல்லில் வண்டியைப் பின்னுக்கு விட்டு அணைத்தான். கரும்புக் கட்டைச் சுமந்துகொண்டு சாறு பிழிகிற கடைக்குப் போனான். திரும்பி வருவதற்குள் ஜோதியம்மாளின் கடை, கீற்றுக் கொட்டகை, எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஜுரத்தில் படுத்திருந்த அவள் புருஷன் மண்ணாங்கட்டியை மாறன்தான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் உயிர் போனது.

ஜோதியம்மாள் விற்றது கற்பூரமும் அகல் விளக்கும். அன்றைக்குக் கடை வாசலில் மலையைப் பார்த்து ஒரு வில்லை கற்பூரம் ஏற்றியிருந்தாள். காற்று வேறு. தீ எங்கிருந்து வந்தது என்று யாரும் யோசிக்கவே இல்லை. இந்த ஊரில் எது எரிந்தாலும் கற்பூரம்தான். அவளே போலீஸில் அப்படித்தான் சொன்னாள். வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், என் கையாலேயே அவரைக் கொளுத்திவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இனி அவளுக்கு அங்கே இடமில்லை என்று கடைக்காரர்கள் பேசி முடித்துவிட்டார்கள்.

வீட்டில் மாறன் மனைவி இனியாவிடம் மட்டும் சொன்னான். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு இரு, செத்தவர் எழுந்து வரப்போகிறாரா, கேஸ் ஆனால் நீ உள்ளே போவாய், நான் பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவேன் என்றாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ராத்திரி சோறு போடும்போது, யாரையும் பார்க்காமல், "அந்தம்மா இன்னும் அடுப்பே பத்த வெக்கலையாம். தீப்பெட்டியவே தொட மாட்டேங்குதாம்" என்றாள்.

கருமாதிக்கு மாறன் போனான். படத்துக்கு மாலை போட்டுப் படையல் வைத்திருந்தார்கள். விளக்கு மட்டும் ஏற்றவில்லை. ஜோதியம்மாள் சுவரோரம் கையை முந்தானைக்குள் மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செத்தவரின் தங்கச்சி கன்னியம்மாள், ஊரே கேட்கட்டும் என்று, "அவள ஏத்தச் சொல்லாதீங்க. அவ ஏத்துனது போதும்" என்றாள்.

கடைக்காரர்களுக்குப் பெரியவர் இராமலிங்கம் தீப்பெட்டியை எடுத்து மாறனிடம் நீட்டினார். "நீ ஏத்துப்பா. உயிர மதிக்காம உள்ள பூந்தவன் நீதான்."

மாறன் கையை நீட்டவில்லை. ஜோதியம்மாள் எதிரில் போய் உட்கார்ந்தான்.

"அத்த, உன் கற்பூரம் இல்ல. என் வண்டி."

கொள்ளுக் கொடியைச் சொன்னான். விளக்கு எரிந்ததைச் சொன்னான். புல் மேல் நிறுத்தியதைச் சொன்னான். நெருப்பைப் பார்த்ததும் முதலில் ஓடியது வண்டியை நகர்த்தத்தான், அப்புறம்தான் கொட்டகைக்குள் போனேன் என்பதையும் சொன்னான். அதை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

அவன் பயந்தது திட்டுக்கும் அடிக்கும். நடந்ததோ வேறு. இராமலிங்கம் அவன் தோளைத் தட்டினார். "பாவம் பார்த்துப் பேசுறான் புள்ள. வண்டி சூட்டுல கொட்டா எரியுமா? வண்டியில ஒரு ஜுவாலை தெரியல, புகை தெரியல." ஆமாம் ஆமாம் என்றார்கள் மற்றவர்கள். மாறன் அறுநூறு டிகிரி என்றான், வடிகட்டி என்றான். எவர் காதிலும் ஏறவில்லை. நல்ல மனசு என்று கன்னியம்மாள்கூடச் சொன்னாள்.

ஜோதியம்மாள் மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தாண்ட நிறுத்துன?"

"பின்னால அத்த. மாமா தலமாட்டுக்கு அந்தப் பக்கம்."

அவள் வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள். "ஆஸ்பத்திரியில நான்தான் கூட இருந்தேன். தலையும் தோளும்தான் வெந்திருந்துது. காலு அப்படியே இருந்துது. நான் கற்பூரம் ஏத்துனது வாசல்ல, கால் பக்கம்."

கன்னியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்போ நான் இல்ல" என்றாள் ஜோதியம்மாள். யாரிடமும் கேட்கிற மாதிரி இல்லை. இன்னொரு தரம் சொன்னாள். அப்புறம் எட்டி மாறன் சட்டையைப் பிடித்தாள். அடிப்பாள் என்று நினைத்துக் கண்ணை மூடினான். அவள் அவனைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இங்க சொன்னா பத்தாது. வா."

படையலை அப்படியே விட்டுவிட்டு, அவனை முன்னால் விட்டு நடந்தாள். கிரிவலப் பாதையில் ஒவ்வொரு கடை முன்னாலும் நின்றாள். சாறு கடை, பொம்மைக் கடை, விபூதிக் கடை. ஒவ்வொரு இடத்திலும் மாறன் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. வண்டியை முதலில் நகர்த்தியதை ஒரு கடையில் விழுங்கப் பார்த்தான். அவள் நகரவில்லை, சொன்ன பிறகுதான் நகர்ந்தாள். சிலர் அவனைக் காறித் துப்பாத குறை. சிலர் அவளைப் பார்க்க முடியாமல் சாமானை அடுக்கினார்கள். இராமலிங்கம் கடைசி வரைக்கும் பின்னாலேயே வந்தார்.

அங்கிருந்து பஸ் ஏறி டவுனுக்கு வந்தார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைப் படியில் அவள் உட்கார்ந்தாள். மாறன் தயங்கினான். உள்ளே எவ்வளவு நேரம் ஆகுமோ, வெளியே விடுவார்களோ மாட்டார்களோ, வெயிலில் எதற்கு, வீட்டுக்குப் போ அத்தை என்றான்.

"நீ முழுசா சொன்னியான்னு எனக்குத் தெரியணும்" என்றாள். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "விட்டா வா, ரெண்டு பேரும் சாப்புடலாம். காலைலேர்ந்து நீயும் ஒண்ணும் துன்னல. விடலன்னா இனியா கிட்ட நான் போயி சொல்றேன்."

மாறன் ரோட்டைக் கடந்து ஸ்டேஷன் படியேறினான்.