முப்பதடி தள்ளி

குடையை மடக்கிக்கொண்டு அந்த அம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, வாசலுக்கு நிலை மட்டும் இருந்தது, கதவு இல்லை. கூரையும் இல்லை, தரையும் இல்லை. சுவர்கள் ஜன்னல் உயரத்துக்கு எழும்பி நின்றன, அவ்வளவுதான். ஆனால் நான் மூன்று மாதமாகவே அதை ‘வீடு’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. சுப்பராயன் மேஸ்திரி ஒரு கல்லின்மேல் வைத்துக் கம்பி நிமிர்த்திக்கொண்டிருந்தார். என் மனைவி இசக்கிசெல்வி டிரம்மிலிருந்து வாளியில் மொண்டு முந்தின நாள் கட்டிய சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு பேரையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். அதாவது, சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

மண்ணூரிலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளியிருந்தது எங்கள் குபேரலட்சுமி நகர். நுழைவாயில் வளைவில் இரண்டு சிமெண்ட் யானைகள், அதில் ஒன்றுக்குத் தும்பிக்கை கிடையாது. உள்ளே எழுபத்தெட்டு மனைகள். எழும்பிக்கொண்டிருந்த வீடு ஒன்றே ஒன்று, என்னுடையது. மற்ற இடமெல்லாம் வேலிக்காத்தான் முள்ளும், மேயவரும் ஆடுகளும்தான். இப்படிப்பட்ட நகரத்துக்கு ஒரு மனுஷி குடை பிடித்துக்கொண்டு தானாக வந்து நின்றால் எனக்கு எப்படி இருக்கும்? வாங்கம்மா வாங்கம்மா என்று கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்துப் போனேன்.

ஐம்பது வயதிருக்கும். நூல் புடவை, மூக்குக் கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை. செங்கல் துண்டுகளுக்கு நடுவே புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு நிதானமாக நடந்தாள். நான் சுற்றிக் காட்டினேன். இது ஹால், இது படுக்கையறை, இந்த மாடத்தில் சாமி படம். கிராஃப் தாளில் பிளான் போட்டது நான்தான் என்பதையும் சொன்னேன். யாரும் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

"இது அடுக்களையாம்" என்றாள் இசக்கிசெல்வி, வாளியோடு குறுக்கே வந்து. "நான் உள்ள போனா தோசைக்கல்லு வெளிய நிக்கணும். தோசைக்கல்லு உள்ள போனா நான் வெளிய நிக்கணும்."

"சும்மா இரு. எல்லாம் கணக்குப் பண்ணித்தான் போட்டிருக்கேன்."

"ஆமா, இவுக கணக்கு. சன்னலத் தொறந்தா நேரா கக்கூசு தெரியுது, பாத்தியளா?"

அந்த அம்மாள் சிரித்தாள். பிறகு கிழக்குப் பக்க ஜன்னலுக்குப் போய்ச் சட்டம் இல்லாத அந்த இடைவெளியில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு வெகுநேரம் வெளியே பார்த்தாள். அந்தப் பக்கம் கொஞ்சம் வெற்று நிலம், அப்புறம் ஒரு கரை, கரைக்கு அப்பால் சின்ன ஏரி. ஊர்க்காரர்கள் தாங்கல் என்பார்கள். காற்று அங்கிருந்துதான் வரும். வெற்று நிலம் இருபத்து மூன்றாம் நம்பர் மனை என்பது என் எண்ணம். மழைக்காலத்தில் அதன் சொந்தக்காரனுக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்குமே, பாவம் என்று பலமுறை அவனுக்காக வருந்தியிருக்கிறேன்.

இசக்கிசெல்வி தூக்குவாளியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தாள். அந்த அம்மாள் முழுதும் குடித்துவிட்டு, டம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ரொம்ப நன்னா கட்டிண்டிருக்கேள். என் இடத்துல எதுக்காகக் கட்டறேள்னு மட்டும் தெரிஞ்சுக்கலாமா?"

துணிப்பையிலிருந்து பத்திரத்தின் நகல் வந்தது. யதுகிரி, ஆசிரியை, ஸ்ரீபெரும்புதூர். மனை எண் இருபத்து மூன்று. கிழக்கே தாங்கல் கரைப் புறம்போக்கு. நான் பாவம் பார்த்துக்கொண்டிருந்த ஆள் இவள்தான்.

"டீச்சர், இது இருபத்திரெண்டு" என்றேன் கம்பீரமாக. "மனைக்கல்லே இருக்கு, வாங்க காட்டுறேன்." முன்பக்க மூலையில் நட்டிருந்த கல்லைக் காட்டினேன். மஞ்சள் பெயிண்டில் 22. பேங்க் இன்ஜினியர்கூட அதைத்தான் இரண்டு முறை போட்டோ எடுத்துப் போனார்.

யதுகிரி டீச்சர் கல்லைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். கணக்கு டீச்சர் என்று பின்னால்தான் தெரிந்தது. "இந்தக் கல்லை நட்டது யாரு?" என்றாள்.

நட்டது நான்தான். கடைக்கால் தோண்டுவதற்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம் தனியாக வந்தபோது கல் பாதையோரம் விழுந்து கிடந்தது. ஆடு முட்டித் தள்ளியிருக்கும். நான் பாசத்தோடு அதைத் தூக்கி, மண்ணைத் துடைத்து, இருந்த ஒரே குழியில் நட்டு, சுற்றிலும் மிதித்துக் கெட்டிப்படுத்திவிட்டு வந்தேன். அது யாருடைய குழி என்று யோசிக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் இல்லை என்று சர்டிபிகேட் வாங்கி வைத்திருந்தேன். வில்லங்கமே நான்தான் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

"அப்ப இருபத்தி மூணுக் கல்லு எங்க?" என்றேன் ஈனக் குரலில்.

சுப்பராயன் மேஸ்திரி கம்பியைக் கீழே வைத்துவிட்டு, தான் வேலை செய்துகொண்டிருந்த கல்லை மெதுவாகப் புரட்டினார். அடிப்பக்கம் மண்ணோடு மண்ணாக மஞ்சள் பெயிண்ட். "கடைக்கால் தோண்டச் சொல்லோ கெடைச்சுது சார். நல்ல கல்லா கீதேன்னு வச்சிக்கினேன். அடியில நம்பரு கீதுன்னு எனுக்கு இன்னா தெரியும்?"

தெரு முனையிலிருந்து டேப் பிடித்தோம். முள்ளுக்குள் புகுந்து, கீறல் வாங்கி, இருபது, இருபத்தொன்று என்று கல்லைத் தேடிப் பிடித்து அளந்தோம். என் வீடு சரியாக ஒரு மனை அகலம், முப்பதடி தள்ளி நின்றது. ஒரு அங்குலம் கூடவோ குறையவோ இல்லை. பிழையைக்கூடச் சுத்தமாகச் செய்திருந்தேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரகடம் பக்கம் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். இருபது மைக்ரான் தள்ளியிருந்தால் சிவப்புப் பெயிண்ட் அடித்துத் தூக்கிப் போடுவேன். ‘கட்டியிருக்கிற சீட்டைப் பார்த்து நம்பாதே, அளந்து பார்’ என்று புதுப் பையன்களுக்கு வகுப்பு எடுப்பவன் நான்.

"டீச்சர், என் மனையை நீங்க எடுத்துக்கிடுங்க. ரெண்டும் ஒரே அளவுதான். மாத்திப் பத்திரம் பண்ணிருவோம்" என்றேன்.

"முடியாது" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "எங்காத்துல என் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. ரெண்டு பக்கமும் பக்கத்தாத்துச் சுவர் ஒட்டிண்டிருக்கு. ஒரு பக்கமாவது திறந்திருக்கணும்னுதான் கடைசி மனையாப் பார்த்து வாங்கினேன். உங்க மனையில எனக்கு என்ன தெரியும்? உங்க சுவர்தான்." குடையை விரித்துக்கொண்டாள். "வர ஞாயித்துக்கிழமை வந்து சொல்றேன்."

அவள் போனபின் மேஸ்திரி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "கடைக்காலுக்கு நாலு சக்கரம் வச்சிருந்தா இந்நேரம் தள்ளி வுட்டுக்கலாம் சார்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

இசக்கிசெல்வி வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி சுவருக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். "இனி எதுக்குளா?" என்றேன்.

"செவரு என்ன தப்பு செஞ்சுது?" என்றாள்.

அந்த வாரம் முழுக்க அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாங்கள் மண்ணூரில் ஒரே அறையில் குடியிருந்தோம். ஐந்து குடித்தனத்துக்கு ஒரு குளியலறை, காலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் மோட்டார். கல்யாணமாகி அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த அன்றே, ரெண்டே வருஷத்தில் சொந்த வீடு என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அது நாலு வருஷம் ஆகி, இப்போதுதான் சுவராக எழுந்திருந்தது. தினமும் சாயங்காலம் ஒரு மைல் நடந்துபோய் அந்தச் சுவரை நனைத்துவிட்டு வருவாள். இடிக்கச் சொன்னால் எங்களுக்கு மறுபடி ஒரு செங்கல் வாங்க வழியில்லை. கம்பெனியில் அந்த வாரம் கைக்கு வந்த பாகத்தையெல்லாம் நான் ரிஜெக்ட் செய்தேன். சூப்பர்வைசர் வந்து, "இன்னாய்யா அருள்பாண்டி, வூட்ல சண்டையா?" என்று கேட்டார். வூடே சண்டை என்று எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் குடையோடு வந்தாள். தனியாகத்தான். எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராக உள்ளே போனாள். ஹாலில் நின்றாள். படுக்கையறையில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் அடி வைத்து எண்ணினாள். கிழக்கு ஜன்னலிடம் போனாள். இல்லாத கதவுகளைத் திறந்தாள், சாத்தினாள், மறுபடி திறந்தாள். நாங்கள் மூன்று பேரும் வெளியே மணல் குவியலருகே, பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பிள்ளைகள் போல நின்றோம்.

"எங்கண்ணா, இடிச்சுத் தரச்சொல்லு, இல்லேன்னா போலீஸுக்குப் போங்கறார்" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தாள். "இத்தனை நாளும் என்ன சொல்லிண்டிருந்தார் தெரியுமோ? நீ வீடு கட்டணும்னா மேஸ்திரியோட யார் நிப்பா, மணலுக்கு யார் அலைவா, ஒண்டிப் பொம்மனாட்டிக்கு எதுக்கு இதெல்லாம்னு. ஆறு வருஷமா எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. மாசத்துக்கு ஒரு தடவை வந்து வெறும் மனையைப் பார்த்துட்டுப் போவேன். மூணு மாசமா கால்ல வலி, வரமுடியலை. போன வாரம் வந்து பார்த்தா வீடு தானா எழும்பி நிக்கறது."

கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள்.

"இதை எனக்கே குடுத்துடுங்கோ. இதுவரைக்கும் ஆன செலவு முழுக்க நான் தரேன். உங்க மனையில நீங்க முதல்லேர்ந்து கட்டிக்கோங்கோ."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. வாயைத் திறந்தேன். ஆனால் அவள் என்னிடம் கேட்கவில்லை. இசக்கிசெல்வியைப் பார்த்துத்தான் கேட்டிருந்தாள்.

இசக்கிசெல்வி சுவரைப் பார்த்தாள். ஈரம் காயாமல் அவள் மூன்று மாதம் காத்த சுவர். உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள், காய்ச்சல் பார்ப்பது மாதிரி. கண் நிறைந்துவிட்டது. சரி, முடிந்தது, மறுக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"டீச்சர், இதுல அடுக்கள சிறுசு" என்றாள்.

"நான் ஒருத்திதானே. ஒரு ஆழாக்கு அரிசி வடிக்க எவ்வளவு இடம் வேணும்?"

"கக்கூசு தெரியும்."

"சுவர் வச்சு மறைச்சுண்டா போறது."

"அப்ப நீங்களே எடுத்துக்கிடுங்க" என்றாள் இசக்கிசெல்வி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பிறகு என் பக்கம் திரும்பினாள். ஒரு வாரத்துக்குப் பிறகு கிடைத்த முதல் முழுப் பார்வை. "ஆனா ஒண்ணு. அடுத்த வீட்டுக்கு பிளானு நான்தான் போடுவேன். நீங்க அந்த கிராஃப் தாளத் தொடக்கூடாது, ஆமா."

"தொட மாட்டேன்."

"கல்லையும் தொடக்கூடாது."

"அம்மா சொல்றது கரீக்ட்டு சார்" என்றார் மேஸ்திரி. அவருக்கு ஒன்றுக்கு இரண்டு வீடு வேலை. முகத்தில் பல்லைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

பேங்க் மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முதலில் தண்ணீர் குடித்தார், பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தார், பிறகு ஒன்பது இடத்தில் கையெழுத்து வாங்கினார். டீச்சர் பிராவிடண்ட் பண்டிலிருந்து கடன் போட்டாள். கூரை வார்த்த அன்று அவளுடைய அண்ணாவும் வந்தார். எல்லாச் சுவரையும் தட்டிப் பார்த்துவிட்டு, "மோசமில்லே" என்று சொல்லி இரண்டாவது தட்டுச் சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொண்டார்.

தை பிறந்து இரண்டாவது ஞாயிறு, இருபத்திரண்டில் குறி போட்டோம். முள்ளை வெட்டி, மண்ணைச் சமன் செய்து, நாலு மூலையிலும் முளை அடித்தாயிற்று. நூல் கட்டியதும் டீச்சர் விடவில்லை. மூன்றடிக்கு ஒரு குறி, நாலடிக்கு ஒரு குறி, குறுக்கே ஐந்து வருகிறதா என்று ஒவ்வொரு மூலைக்கும் பார்த்தாள். மூன்றாவது மூலையில் அரை அங்குலம் கூடுதலாக வந்தது. மேஸ்திரியை முளையைப் பிடுங்கி மறுபடி அடிக்க வைத்தாள்.

"இன்னா டீச்சர், அரை இஞ்சி தானே" என்று முனகினார்.

"அரை அங்குலத்துல ஆரம்பிச்சுதான் முப்பதடியில போய் நிக்கறது. அடிங்கோ."

எனக்குக் கொடுத்த வேலை நூலின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பது. அதை நன்றாகவே செய்தேன். நூலை ஒட்டி மேஸ்திரி சுண்ணாம்புத் தூளைக் கொட்டிக்கொண்டே போனார். செம்மண்ணில் வெள்ளைக் கோடுகளாக வீடு விழுந்தது. ஹால், படுக்கையறை. அப்புறம் அடுக்களை. அது ஹாலைவிடப் பெரிதாக இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன், நூலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இசக்கிசெல்வி அதன் நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, மேற்கே எழும்பப்போகும் ஜன்னல் வழியாகத் தும்பிக்கை இல்லாத யானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் வந்தாலும் முதலில் அவளுக்குத்தான் தெரியவேண்டுமாம்.

டீச்சர் தன் வீட்டுக்குள் போய் ஒரு தட்டில் நாலு டம்ளர் காபியோடு வந்தாள். வெயில் ஏறியிருந்தது. குறுக்கே வந்தால் பத்தடி. கோட்டைத் தாண்டினால் போதும். கோட்டின் அருகே வந்தவள் ஒரு கணம் நின்றாள். பிறகு காபி தளும்பாமல் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, படுக்கையறைச் சுவரை ஒட்டி நடந்து, ஹால் மூலை திரும்பி, முன்பக்கம் வந்தாள். சுண்ணாம்புக் கோட்டில் வாசலுக்காக மூன்றரை அடி விட்டிருந்தது. அதன் வெளியே செருப்பைக் கழற்றினாள்.

"உள்ளே வரலாமா?" என்றாள்.

"வாங்க டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே இசக்கிசெல்வி வாசலுக்கு வந்தாள், அவளும் கோட்டை மிதிக்காமல், அடுக்களைக் கதவு வழியாகவே.