பக்கம் முடியும்வரை

எழுபத்தாறில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், வாசு ராக் இசைப் பைத்தியம் பிடித்து அலைந்தான். இரவல் வாங்கிய இசைத்தட்டைக் கேசட்டில் பதிய அவனிடம் வயரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஸ்பீக்கருக்கு எதிரே முக்காலி போட்டு, அதன்மேல் ரெக்கார்டரை வைத்துப் பட்டனை அழுத்துவான். அவ்வளவுதான் அவன் ஸ்டூடியோ. அடுப்படியில் கரண்டி விழுந்தாலும் அதில் ஏறிவிடும் என்பதால், தட்டின் ஒரு பக்கம் ஓடி முடியும்வரை வீட்டில் யாரும் மூச்சுவிடக்கூடாது. உள்ளே இருந்தால் தானே காலால் தாளம் போட்டுக் கெடுத்துவிடுவோம் என்று வெளிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வான். கண்டிப்புக்குப் பேர்போன கிளார்க் கனகசபைகூட இந்த ஒரு விஷயத்தில் மகனுக்கு அடங்கி, பேப்பரை மெதுவாகத்தான் புரட்டுவார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டாளி அய்யூப் கொடுத்த தட்டைப் பதியும்போதுதான் அம்மா குணேஸ்வரி அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். முதல் பக்கம் முடிந்து அப்பா உள்ளே போய்ப் பார்த்தபோது உயிர் இழுத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர். செத்த வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா ஒன்றையே சொன்னார்: "அந்தப் பாட்டுச் சத்தத்தில அவ கூப்பிட்டது ஒருத்தருக்கும் கேக்கேல்லை."

வாசு தட்டையும் கேசட்டையும் அய்யூப் கையில் திணித்தான். அதற்குப் பிறகு எங்கே கித்தார் கேட்டாலும் எழுந்து போய்விடுவான். அம்மாவைத் தின்றது தன் பாட்டு என்று முடிவு கட்டியவனுக்குப் பாட்டு எப்படி ருசிக்கும்?

தொண்ணூற்று மூன்றில் வீடு மாறிய அய்யூப், அந்தக் கேசட்டைக் கிள்ளானில் இருந்த வாசு வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"உன் சாமான்தான் லா. என்கிட்ட தட்டு இருந்துச்சு, இதை நான் போட்டே பார்க்கல. கேட்டுப் பாரு. இன்னும் எத்தனை வருஷம் இப்படியே இருப்ப?"

அன்று மாலையே போட்டான். முதல் பாட்டிலேயே கால் தானாகத் தாளம் போட்டது. வெட்கமாகவும் இருந்தது, கள்ளத்தனமாகச் சந்தோஷமாகவும் இருந்தது. மூன்றாம் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் வந்த அமைதியில் அம்மா பேசினாள்.

"இஞ்சாருங்கோ, நெஞ்சு நோகுது." மிகவும் தாழ்ந்த குரல்.

"கொஞ்சம் பொறும்," என்றது அப்பாவின் குரல். உடனே கித்தார் தொடங்கிவிட்டது.

வாசுவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கிழவருக்குக் கேட்டிருக்கிறது! கேட்டும் கேட்காத மாதிரி ஊர்முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறார். படுத்த படுக்கையாகிவிட்ட அந்த மனிதருக்குத்தான் தினமும் பீ மூத்திரம் அள்ளிக்கொண்டிருக்கிறான். ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் தலைமாட்டில் வைத்து அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டான்.

மனைவியின் குரல் கேட்டதும் கனகசபை கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்களுக்குக் கேட்டிருக்கு. ஏம்பா பொய் சொன்னீங்க?"

"கேட்டதுதான்," என்றார். "நீ பதிஞ்சுகொண்டிருந்தாய். நடுவில கெடுத்தா மனமுடைஞ்சு போவாய். இந்தப் பக்கம் முடியட்டும் எண்டு இருந்தன். அவவும் தலையாட்டிப்போட்டு உள்ளுக்குப் போனவ."

வாசு கை நீட்டி ரெக்கார்டரை நிறுத்தினான்.

"அதைப் பெத்த பிள்ளையிட்ட எப்பிடிச் சொல்லுறது? அதுதான் சத்தத்தின் தலையில போட்டன்."

பொய்யைப் பிடித்துவிட்ட வீறாப்போடு வந்தவன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தப் பொய்யே தேவலை என்றிருந்தது. இனி அதை எப்படி நம்புவது?