மீதி பத்து வராது

வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் கத்தரி. அவர் கைபட்ட ஆய்வேடு முழுசாகத் திரும்பியதில்லை என்பார்கள்.

முனைவர் பட்டத்துக்குக் கணித ஆய்வு செய்திருந்த மாணவியின் ஆய்வேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கத்தரி கரும்பலகைக்குப் போனார். கடைசி அத்தியாயம் மொத்தமும் ஒரே ஒரு பிரம்மாண்டமான எண்ணின் மேல் நின்றது. அது பகா எண், அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதது என்பது அவள் வாதம். கத்தரி அதைப் பார்த்து அப்படியே பலகையில் எழுதி, இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினார். மிச்சம் நின்றவற்றைத் தனியாகக் கூட்டினார். இரண்டு தொகையும் சமம்; அப்படி வந்தால் அந்த எண் பதினொன்றால் வகுபடும்.

"பதினொன்னால வகுபடுதேம்மா. இதுவா பகா எண்?"

 அவளும் கூட்டிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. பின்வரிசையில், மருத்துவமனையிலிருந்து நர்ஸ் உடுப்போடு நேரே வந்திருந்த அக்கா, தங்கையின் முகத்தைப் பார்த்துப் பையை இறுக்கிப் பிடித்தாள்.

அவளுடைய ஆய்வு நெறியாளர் மெல்ல அருகில் வந்தார். "வம்பு பண்ணாத. தப்புன்னு ஒத்துக்கிட்டு டைம் கேளு. மறுபடி எழுதிக்கலாம்."

சரி என்று சொல்ல வாயைத் திறந்தவள், சட்டென்று நிறுத்திக்கொண்டு கத்தரி பக்கம் திரும்பினாள்.

"சார், இது என்னோட எண்ணே இல்ல."

"உங்க புத்தகத்துல இருக்கிறதத்தான் எழுதியிருக்கேன்."

"அப்போ புத்தகம் தப்பு. என் எண் ஒரு வர்க்கத்தோட ஒன்னு கூட்டினது. அது பதினொன்னால வகுபடவே முடியாது."

"வாயால சொன்னா ஆச்சா? நிரூபிங்க."

அவள் எடுத்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. சின்னத் துண்டாலேயே எழுதினாள். எந்த வர்க்கத்தைப் பதினொன்றால் வகுத்தாலும் மீதி பூச்சியம், ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து, ஒன்பது, இவற்றில் ஒன்றுதான். ஒன்றைக் கூட்டிய பிறகு வகுபட வேண்டுமானால் வர்க்கத்தின் மீதி பத்தாக இருக்க வேண்டும். பத்து வரவே வராது.

 கத்தரி அவளுடைய மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, கணக்கிட்ட மூல எண்ணையும் அச்சையும் விரல் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே வந்தார்.  எண் அடுத்த வரிக்கு மடங்கும் இடத்தில் விரல் நின்றது. அங்கே ஓர் இலக்கம் அச்சில் விழுங்கப்பட்டிருந்தது.

"வகுபடலன்னா போதுமா? பகா எண்ணான்னு இப்பவே கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டுங்க."

பதினொன்று போனால் என்ன, வேறு எதனால் வேண்டுமானாலும் வகுபடலாமே. பலமுறை சோதித்த எண்தான். இருந்தாலும் நிரலை ஓட்டிவிட்டு அவளால் திரையைப் பார்க்க முடியவில்லை.

"பகா எண்தான்," என்று கத்தரியே படித்தார். பேனாவைத் திறந்தார். "அச்சைத் திருத்திக் குடுங்க, டாக்டர்."

வெளியே வந்ததும் அவள் சுவரோடு சாய்ந்து நின்றாள். அக்கா ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

"எனக்கு ஒரு மண்ணும் புரியல. பாஸா, இல்லையா? அத மட்டும் சொல்லுடி."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.