கடை நம்பருக்கு வந்த போன்

“எந்த நம்பரைக் குடுத்திய? இன்னொரு தடவை சொல்லுங்க.”

“அதான் சொன்னேன்ல. நம்ம நம்பரு.”

“நமக்கு ஏது நம்பரு? இந்த வீட்டுல போன் இருக்கா? கீழ வீட்டு நம்பரத்தான குடுக்கச் சொன்னேன்?”

தனபாலன் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தான். அரிசியில் கல் பொறுக்குகிறேன் என்று காலையிலிருந்து உட்கார்ந்திருந்தான். கல்லை முறத்தில் விட்டுவிட்டு அரிசியைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்ததை ஜெயபாரதி கட்டிலிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சொன்னால் மனசு கஷ்டப்படுவானே என்று பேசாமல் இருந்தாள். இப்போது அந்த இரக்கமும் போய்விட்டது.

“கடை நம்பரா?”

“வாயில அதுதான் வந்துது. அந்தப் புள்ள ‘உங்க போன் நம்பர்’னு கேட்டுது. நான் பொறந்ததுலருந்து யாரு கேட்டாலும் அந்த நம்பரத்தான சொல்லுதேன்!”

ஜெயபாரதி தலையணையில் தலையை முட்டிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். கல்யாணமாகி ஏழு வருஷம். அடையாற்று லேடி டாக்டர் கொடுத்த மாத்திரையை மாசக்கணக்கில் விழுங்கி, இந்த மாசம்தான் நாள் தள்ளிப்போயிருக்கிறது. நேற்றுக் காலையில் சிறுநீரைப் பாட்டிலில் பிடித்து லஸ் பக்கம் ஒரு லேப்பில் கொடுத்துவிட்டு வந்தான் தனபாலன். இன்றைக்கு, சனிக்கிழமை, மத்தியானத்துக்குள் போனில் சொல்லிவிடுவார்கள். அதைத் தாண்டினால் திங்கட்கிழமைதான். அதுவரைக்கும் படியேறாதே, குடம் தூக்காதே, வீட்டில் நிம்மதியாக ஓய்வெடு என்றார் டாக்டர். நிம்மதியாம்!

போன வருஷமும் இப்படித்தான் பத்து நாள் தள்ளிப்போனது. மூத்தார், அதாவது புருஷனின் அண்ணன், நல்லசிவத்தின் சம்சாரம் தங்கபுஷ்பம் எப்படியோ மோப்பம் பிடித்து, கடையில் வேலை பார்க்கிறவர்கள் முதற்கொண்டு எல்லோருக்கும் பூந்தி கொடுத்துவிட்டாள். திருச்செந்தூருக்கு மொட்டை வேறு நேர்ந்துகொண்டாள். அப்புறம் ஒன்றும் இல்லை என்று ஆனதும், ஆறுதல் சொல்ல ஊரிலிருந்தே ஆள் வந்து இறங்கியது. வந்தவர்களுக்கு வடித்துப் போட்டே ஜெயபாரதிக்கு அழ நேரம் கிடைக்கவில்லை. அன்றைக்குத் தீர்மானம் செய்தாள். அடுத்த தடவை நல்லதோ கெட்டதோ, முதலில் என் காதில் விழ வேண்டும். அப்புறம்தான் மற்றவர்களுக்கு.

அதற்குத்தான் கீழ் வீட்டு அஃப்சருன்னிசாவின் போன். அந்த அம்மாள் கூப்பிடுவாள், நகர்ந்துகொள்வாள், ஒரு கேள்வி கேட்க மாட்டாள். கடை போன் என்றால்? ரங்கநாதன் தெருவிலுள்ள குடும்பப் பாத்திரக்கடையில் அது அண்ணாச்சி நல்லசிவத்தின் கைக்குள்ளேயே இருக்கும். டயலில் பூட்டு, பூட்டின் சாவி அவர் அரைஞாணில்.

“கீழ போயி அவங்க போன்ல லேப்புக்குப் பேசிருங்க.”

“கீழ் வீடு பூட்டிக் கெடக்கு. காலையிலயே ராயப்பேட்டைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்களே.” சொல்லும்போதே அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். “ஏட்டி, அப்ப நான் கடை நம்பரக் குடுத்தது நல்லதாப் போச்சுல்ல? அந்த நம்பரக் குடுத்திருந்தா எடுக்க ஆளே இல்ல!”

அவள் பார்த்த பார்வையில் அந்த வெளிச்சம் அணைந்தது.

“கடைக்குப் போயி போன் பக்கத்துல உக்காருங்க. போங்க!”

“காய்ச்சல்னு சொல்லி லீவு போட்டிருக்கேனே…”

“காய்ச்சலோட போங்க!”

சட்டையை மாட்டிக்கொண்டு, “நீ கட்டில விட்டு எறங்கிராத” என்று வாசலில் ஒருதரம், படியில் ஒருதரம், கீழே சைக்கிளை எடுக்கும்போது தெருவுக்கே கேட்கும்படி ஒருதரம் சொல்லிவிட்டுப் போனான்.

அவள் இறங்கினாள். முறத்தை மடியில் வைத்து, அவன் எறிந்த அரிசியையெல்லாம் பொறுக்கினாள். பக்கத்து வீட்டு ரேடியோவில் யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து சொன்னார்கள்.

அப்போது படியில் இருமல் கேட்டது.

நல்லசிவத்தின் இருமல். சளியால் வருவதில்லை அது. ‘நான் வருகிறேன், ஒதுங்கிக்கொள்’ என்பதுதான் அதன் அர்த்தம். அந்த வீட்டில் மூத்தார் தம்பி சம்சாரத்தோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றால்கூட, ‘தம்பி, வீட்டுல சொல்லு’ என்பார். இந்த ஏழு வருஷத்தில் அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நடுவில் எப்போதும் தம்பியோ தங்கபுஷ்பமோ இருப்பார்கள். இன்றைக்கு யாரும் இல்லை.

ஜெயபாரதி கதவோரம் நின்றாள். நல்லசிவம் வாசலில் நின்று, சுவரில் தொங்கிய கடைக் காலண்டரைப் பார்த்தார்.

“தம்பி இல்லியோ?” என்று காலண்டரைக் கேட்டார்.

“கடைக்குப் போயிருக்காவ” என்றாள் அவள், முறத்தைப் பார்த்து.

“கடையிலருந்துதான வாறேன். நான் பர்கிட் ரோடு வழியா வந்தேன், அவன் பாண்டி பஜார் வழியாப் போயிருப்பான்.” காலண்டர் முருகன் சிரித்துக்கொண்டிருந்தார். “காய்ச்சல்னு சொன்னானே.”

அவள் முறத்தில் கல் தேடினாள்.

“லேப்புலருந்துன்னு ஒரு போன் வந்துது.”

முறம் சாய்ந்தது. அரிசி கொஞ்சம் சிந்தியது. “என்ன சொன்னாவ?”

“தம்பி வரட்டும்.”

அவ்வளவுதான். முறத்தை ஓரமாக வைத்தாள். நேராக வந்து, காலண்டருக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

“பெரியத்தான், என் வயித்துச் சமாச்சாரம் அது. காலண்டருகிட்டச் சொல்லுததை என்கிட்டச் சொல்லுங்க.”

நல்லசிவம் ஒரு படி கீழே இறங்கிவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்புறம் தன் செருப்பைப் பார்த்துச் சொன்னார்:

“நான் கேக்கலம்மா. பொம்பளப்புள்ள குரலு. ‘ஜெயபாரதிக்கு ரிசல்ட்’டுன்னுது. அது மேக்கொண்டு பேசுமுன்ன, ‘இரும்மா, வீட்டுப் பொண்ணு விஷயம் நான் கேக்கக்கூடாது, தம்பியக் கையோட கூட்டிட்டு வாறேன், லைன்லயே இரு’ன்னுட்டு ஓடியாறேன்.”

“அப்ப போனு?”

“கட் பண்ணலம்மா. கடைச் சத்தம் அந்தப் புள்ள காதுல விழக்கூடாதுன்னு, ரிசீவரப் பெரிய தவலைக்குள்ள எறக்கி, மேல தாம்பாளத்தப் போட்டு மூடி வச்சிருக்கேன்.”

சிரிப்பதா, அங்கேயே உட்கார்ந்து அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்து மெதுவாகப் படி இறங்கினாள். முன்னால் இறங்கிய நல்லசிவம், ஒவ்வொரு படிக்கும் “பையப் பைய” என்று சுவரிடம் சொல்லிக்கொண்டே போனார்.

கீழே அவர் வந்த சைக்கிள் ரிக்‌ஷா நின்றது. அவள் ஏறினாள். அவர் ஏறவில்லை. தம்பி சம்சாரத்தின் பக்கத்தில் உட்காருவதாவது!

ரிக்‌ஷாக்காரர் கோதண்டபாணி திரும்பிப் பார்த்தார். “இன்னா நைனா, குந்து. எடந்தான் கீதே.”

“நீ மிதிப்பா. நான் வாறேன்.”

“ஓடிக்கினேவா? நல்லா கீது! பாக்கறவன், நான் உன் வூட்டுப் பொண்ணத் தூக்கிக்கினு போறேன்னு போலீச கூப்புடுவான்!”

நல்லசிவம் வேட்டியை மடித்துக் கட்டினார். பர்கிட் ரோடு முழுக்க வண்டிக்குப் பின்னால் தொப்பை குலுங்க ஓடி வந்தார். வழியில் தெரிந்தவர்கள் “என்ன அண்ணாச்சி?” என்று கேட்டார்கள். “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று எல்லோருக்கும் கையைக் காட்டினார். அவரைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம் குறையாமல் பாவமும் சேர்ந்துகொண்டது. அது இன்னும் எரிச்சல்.

கடையில் தவலை காலியாக இருந்தது. ரிசீவர் போனின் மேல் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

“யாரு எடுத்து வச்சது?” மூச்சிரைக்கக் கத்தினார் நல்லசிவம்.

“சின்ன முதலாளிதான்” என்றார் கடையில் வேலை பார்க்கும் இனாயத். “எவன் போனைத் தவலையில போட்டு வச்சதுன்னு எங்களையெல்லாம் திட்டிட்டு, எடுத்து வச்சாரு. நீங்க அவர் வீட்டுக்குப் போயிருக்கீங்கன்னு சொன்னோம். ஐயோன்னு தலையில அடிச்சிக்கிட்டு, மறுபடியும் வீட்டுக்கே ஓடிட்டாரு.”

ஜெயபாரதி முக்காலியில் உட்கார்ந்தாள். ஒரே குடும்பத்தில் இத்தனை பேர் சேர்ந்து ஒரு போனை எடுக்கத் தெரியாமல் இருப்பார்களா?

போன் அடித்தது.

குடம் அடுக்கிய கைகள் அப்படியே நின்றன. எப்போதும் முதல் மணியிலேயே பாயும் நல்லசிவம், போனை அவள் பக்கம் தள்ளிவிட்டு, குடங்களின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவள் எடுத்தாள்.

“ஏங்க, இன்னா கடைங்க அது?” என்று வெடித்தது ஒரு பெண் குரல். “லைன்ல இருன்னுட்டுப் போய்ட்டாரு ஒருத்தரு. கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி ஒரே ஙொய்னு சத்தம். அப்புறம் கட் பண்ணிட்டாங்க. நாங்க லேப்ப மூடணுமா வேணாமா?”

“நான்தாம்மா ஜெயபாரதி.”

“ஓ.” குரல் இறங்கியது. “பாசிட்டிவ்மா. உண்டாயிருக்கீங்க. திங்கக்கிழமை டாக்டரப் பாருங்க.”

“இன்னொரு தடவை சொல்லும்மா.”

அந்தப் பெண் இன்னொரு தடவை சொன்னாள். கோபப்படாமல் சொன்னாள்.

ஜெயபாரதி ரிசீவரை வைத்தாள். கடையே அவளைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே அடுக்கியிருந்த பித்தளைக் குடம் ஒவ்வொன்றிலும் அவள் முகம் குட்டி குட்டியாகத் தெரிந்தது. குடங்களைப் பார்த்து நின்ற நல்லசிவத்துக்கும் அது தெரிந்திருக்கும். அவர் திரும்பினார். காலண்டர் இல்லை, சுவர் இல்லை. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

“ஏம்மா, என்ன சொன்னாவ?”

உதடு வரைக்கும் வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அவுக வரட்டும், பெரியத்தான்.”

பாவம், மனுஷர் அந்தத் தவலையின் மேலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அங்கே தனபாலனோ, பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு, பெண்டாட்டியை ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிப் போய்விட்டார்கள் என்று தெருவெல்லாம் விசாரித்துக்கொண்டு நிற்கிறான். அவன் எந்த ரோடு வழியாக எப்போது வந்து சேர்வானோ!

அவ்வளவு தூரம் ஓடி வந்த மனுஷருக்கு அங்கேயே சொல்லியிருக்கலாம் என்கிறீர்களா, இல்லை, ஏழு வருஷம் காத்திருந்தவள் தன் புருஷனுக்காக இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டதுதான் சரியா? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள், சொல்லுங்களேன்?