ஜவுபர் காக்காவின் கருவாட்டு மறதி

கிட்ட வந்து இருங்கள், என் கண்மணிகளே. காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது. தள்ளியிருந்தால் என் குரல் கடலோடு போய்விடும். கல்முனையில் ஒரு மனிதர் பொய்யாக மறக்கப் போய் மெய்யாக மாட்டிக்கொண்ட கதை சொல்கிறேன். சிரியுங்கள், ஆனால் காதைத் திறந்து வைத்துச் சிரியுங்கள்.

ஜவுபர் காக்கா, ஊருக்கே மூத்த அண்ணன், பக்கத்து நாவிதன்வெளியில் வயல் செய்தே நரைத்தவர். நம் பக்கத்து வழக்கப்படி மூத்தவள் முஸ்பிறாவுக்குக் கல்யாணம் முடித்தபோது, இருந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, மனைவி சல்மா உம்மாவோடு அடுத்த வளவில் இருந்த வீட்டுக்குப் போனார். இளையவள் நிப்லாவுக்கு முடித்தபோது அந்த வீடும் போயிற்று. இப்போது அதே ஒழுங்கையின், அந்தச் சின்னத் தெருவின், கடைசித் தொங்கலில் சின்னதாக ஒரு வீடு.

கிளினிக்கில் டொக்டர் ஷாஹினா பிரஷர் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

“மூளைக்குள்ள மயிரைப் போல மெல்லிய ரத்தக்குழாய் இருக்கு, வாப்பா. பிரஷர் இப்படியே நிண்டா அதெல்லாம் தடிச்சி உள்ளுக்கு ஒடுங்கிரும். ரத்தம் போகாத இடம் வாடும். புறகு மறதி வரும், நடையும் தளரும். உப்பைக் குறைங்க, மருந்துக் குளிசையை விடாதீங்க.”

“தூர்ந்த வாய்க்காலைப் போல,” என்றார் காக்கா.

“ஓம், அப்படித்தான்.”

தலைக்குப் புரிந்தது, நாக்குக்குப் புரியவில்லை. சல்மா உம்மா அன்றே வீட்டிலிருந்த கருவாட்டையெல்லாம் அள்ளிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். சோற்றுக்கு ஊற்றும் ஆணம் உப்பில்லாமல் வெந்நீராயிற்று.

ஒரு மத்தியானம் காக்கா நேரே முஸ்பிறாவின் வீட்டுக்குள் நுழைந்து, பழைய இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“சல்மா, சோத்தைப் போடு.”

முஸ்பிறா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். “வாப்பா, உம்மா அங்க. இது இப்ப எங்கட வீடு.”

“அப்படியா? மறந்து பெய்த்து புள்ள.”

உப்பு ஆகாது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அழுதுகொண்டே கீரி மீன் கருவாட்டைப் பொரித்து வைத்தாள். மறுநாள் அந்த மறதி நிப்லா வீட்டுக்குப் போயிற்று. அங்கே மாசிக் கருவாட்டுச் சம்பல். உம்மா கவலைப்படுவார் என்று மகள்மார் இருவரும் வாய் திறக்கவில்லை. மத்தியானக் குளிசையோ காக்காவின் சட்டைப் பையில் கிடந்து, துவைக்கும்போது கரைந்தது. யார் வீட்டில் இறால் வாங்கினார்கள் என்பது மட்டும் அவருக்கு மறக்கவேயில்லை.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பொறுக்க முடியாமல் முஸ்பிறா உம்மாவிடம் போய் விம்மினாள். அது காக்காவுக்குத் தெரியாது.

சல்மா உம்மா சிரித்தார். “மறதியா? கலியாணத்தண்டு நான் கதைச்சதையெல்லாம் இண்டைக்கும் குத்திக் காட்டுறாரே! வரட்டும்.”

ஜும்ஆத் தொழுகை முடிந்து, நிப்லா வீட்டு இறாலை நினைத்தபடி காக்கா ஒழுங்கைக்குள் வந்தார். வந்தவர் நின்றார். மூன்று வீட்டுக் கேட்டுகளும் தெரிந்தன. எது யாருடையது என்று தெரியவில்லை. நிப்லா என்ற பெயர்கூட வரவில்லை. கிட்ட இருந்த கேட்டைத் தள்ளினார். முற்றத்தில் ஒரு பெண் நின்றாள்.

“தங்கச்சி, சல்மாட வீடு எது?”

“ஆ, வந்திட்டாரு நடிகரு!” சல்மா உம்மா இடுப்பில் கைவைத்தார். “எல்லாம் தெரிஞ்சி பெய்த்து. கருவாடு எங்க பொரியுது எண்டு மூக்கைக் கேட்டுட்டுப் போங்க.”

“வல்லாஹி, தெரியா.” நாக்கு தடித்துப் புரண்டது.

சல்மா உம்மாவின் சிரிப்பு நின்றது. இந்த மனிதர் கருவாட்டுக்காகப் பொய் சொல்வார். அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டுச் சொல்லமாட்டார். உற்றுப் பார்த்தால், வாயும் ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஒழுங்கை அதிர, ஓட்டோவுக்குச் சத்தம் வைத்தார்.

ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். நாக்கு நேரானதும் டொக்டர் ஷாஹினா படத்தைக் காட்டினார்.

“இது இப்ப அடைச்ச சின்னக் குழாய். நேரத்தோட வந்ததால தப்பினீங்க. இந்த வெள்ளைப் புள்ளியெல்லாம் முந்தியே ரத்தம் குறைஞ்ச இடங்கள். போனது திரும்பி வராது; மிச்சத்தைக் காப்பாத்தலாம்.”

“முந்தி நான் நடிச்சன், டொக்டர்.”

“எல்லா நாளுமா?”

காக்கா யோசித்தார். ஒரு நாளாவது உண்மையிலேயே தன் வீடென்று நம்பி முஸ்பிறாவின் வீட்டில் உட்கார்ந்தாரா? அது அவருக்கு நினைவில்லை.

இப்போது மூன்று வீட்டு அடுப்பிலும் உப்புக் குறைவு. குளிசையைக் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார் சல்மா உம்மா. விடியற்காலைச் சுபஹு தொழுகைக்குப் பின் இருவரும் கடற்கரையில் நடக்கிறார்கள்.

“நான் ஆரு?” என்று கேட்பார் சல்மா உம்மா.

“உப்பில்லாமச் சமைக்கிற மனிசி.”

“பேரு?”

அவர் சற்று யோசிப்பார். சல்மா உம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

“சல்மா.”

அல்லாஹ் உங்கள் வீடுகளில் பரக்கத்தையும் நலத்தையும் சொரியட்டும், கண்மணிகளே. உங்கள் பிள்ளைகளின் பெயர்கள் பெரியவர்களின் நாவில் கடைசிவரை தங்கட்டும்.